கரடி பொம்மைத் தொழில்: மெஷின் வாங்கும் முன் பொம்மையைப் பிரித்துப் பாருங்கள்

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லர். வீட்டில் டெடி பொம்மை தைத்து விற்க ஆசை. பஞ்சு அடைக்கும் மெஷினை வாங்கினால் பயிற்சி, ஆர்டர், ஐஎஸ்ஐ எல்லாம் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. முதலில் கடையில் நன்றாக விற்கும் ஓரடி உயரக் கரடி ஒன்றை வாங்கித் தையலைப் பிரியுங்கள். துணி, பஞ்சு, கண் மூன்றையும் தனித்தனியாக எடை போடுங்கள். துண்டுகளைப் பேப்பரில் வரைந்து, ரோமம் படியும் திசை எல்லாத் துண்டிலும் கீழ்நோக்கி இருக்கும்படி துணியில் பரப்பினால் எவ்வளவு வீணாகிறது என்று தெரியும். விலைக் கணக்கில் பலர் விடுவது இதைத்தான். ரோமத் துணியைப் பின்பக்கம் பிளேடால் மட்டும் கீறுங்கள். கத்திரியில் வெட்டினால் ரோமம் அறுந்து, தையல் கோடு மொட்டையாகத் தெரியும். பனியன் கட்டிங் வேஸ்ட் அடைத்தால் கனக்கும், துவைத்தால் கட்டி தட்டும். ஃபைபர் பஞ்சே போடுங்கள். பிளாஸ்டிக் கண்ணில் பத்து கிலோ எடையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். கழன்றால் குழந்தை விழுங்கிவிடும். '3 வயதுக்கு மேல்' என்று லேபிள் ஒட்டித் தப்ப முடியாது. கட்டியணைக்கும் பொம்மை கைக்குழந்தையிடமும் போகும்.

பஞ்சை மெஷின் வேகமாக அடைத்தாலும், பஞ்சு அடைக்க முதுகில் விட்ட திறப்பைக் கையால் தைத்து மூடும் இடத்தில் வேலை தேங்கும். ஆரம்பத்தில் அந்த மெஷின் தேவையே இல்லை. 'செய்ததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்' என்பவர்கள் முதல் லோடை எடுப்பார்கள். அடுத்ததில் 'ஃபினிஷிங் சரியில்லை' என்பார்கள். மெஷின் காசு அதற்குள் அவர்களிடம் போயிருக்கும்.

2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐஎஸ்ஐ கட்டாயம். லைசென்ஸ் தயாரிக்கும் இடத்துக்கே உரியது. ஏஜென்ட் இரவல் தர முடியாது. அவர் காட்டும் முத்திரையில் உள்ள சிஎம்/எல் எண்ணை (லைசென்ஸ் எண்), ஐஎஸ்ஐ தரும் பிஐஎஸ் அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டு முகவரியைப் பாருங்கள். இதைத் தமிழில் விளக்க அரசு ஓர் ஆளை உட்கார வைத்தால் இந்த இடைத்தரகர்களுக்கு வேலையே இருக்காது!

ஐஎஸ்ஐ-யிலிருந்து உங்களுக்குப் பொருந்தக்கூடிய விலக்கு, மத்தியக் கைவினை ஆணையரிடம் பதிந்த கைவினைஞர் தானே செய்து தானே விற்பது. தானே செய்ய வேண்டும், தானே விற்கவும் வேண்டும். அத்தை பெயரில் கைவினைஞர் அட்டை வாங்கி, நாலு பேரை வைத்துத் தைத்துக் கடைகளுக்குப் போட்டால் அது செல்லாது. மகளிர் குழு என்பதாலும் செல்லாது. 'அட்டை எடுத்துத் தருகிறேன்' என்று யார் வந்தாலும் பணம் கொடுக்காதீர்கள்; உங்கள் பெயரில் நீங்களே விண்ணப்பியுங்கள்.