தீபாவளிக்கு வீட்டிலேயே செய்த பரிசு: எதைச் செய்வது, எப்போது செய்வது?

கேள்வி: ஒவ்வொரு தீபாவளிக்கும் உறவினருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கடையில் இனிப்புப் பெட்டி வாங்கிக் கொடுப்பது எங்கள் வழக்கம். இந்த ஆண்டு வீட்டிலேயே செய்து கொடுக்க விரும்புகிறேன். சுமார் இருபது வீடுகள்; அவற்றில் சில வெளியூர் என்பதால் கூரியரில்தான் அனுப்ப வேண்டும். வேலைக்குச் செல்வதால் கடைசி இரண்டு நாளில் எல்லாவற்றையும் செய்து முடிக்க இயலாது. எவற்றை முன்கூட்டியே செய்யலாம்? கெடாமல் எப்படி அனுப்புவது?

பதில்: இனிப்பிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை. தீபாவளியன்று எல்லா வீட்டிலும் இனிப்பு குவிந்து கிடக்கும்; நீங்கள் நெய் ஒழுகச் செய்த மைசூர்பாகும் அந்தக் குவியலில் ஒன்றாகி, மூன்றாம் நாள் வேறு யாருக்கோ கைமாறிவிடக்கூடும். அதற்குப் பதிலாக, பண்டிகை விடியற்காலையில் எல்லோரும் தேடுகிற லேகியமும், பலகாரம் திகட்டிப்போய்ச் சூடான சோறு போதும் என்று தோன்றும் நாளில் கைகொடுக்கிற பருப்புப் பொடியும் கொடுத்தால், அவை தீரும்வரை உங்கள் பெயரும் அந்த வீட்டில் சொல்லப்படும். இவ்விரண்டையும் முன்கூட்டியே செய்ய முடியும் என்பது உங்களுக்குக் கூடுதல் வசதி.

ஒரு பண்டம் எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, நுண்ணுயிர்கள் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் அதில் எவ்வளவு நீர் மிஞ்சியிருக்கிறது என்பதுதான். உணவியலில் இதை நீர்ச்செயற்பாடு என்று 0 முதல் 1 வரை அளக்கிறார்கள், 0.6க்குக் கீழே பூஞ்சைகூட வளராது. வறுத்த பொடிகள் இந்த எல்லைக்குள் எளிதாக வந்துவிடும். பால் இனிப்புகள் வரமாட்டா. ஆகவே பால்கோவாவையும் திரட்டுப்பாலையும் அன்றே நேரில் கொடுக்கக்கூடிய வீடுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு: தீபாவளி பெரும்பாலும் ஐப்பசி மழையோடு சேர்ந்தே வருவதால், பண்டத்திலிருந்து நீங்கள் விரட்டிய ஈரம் காற்றிலிருந்து மறுபடியும் உள்ளே புகப் பார்க்கும்.

பருப்புப் பொடிக்குத் துவரம்பருப்பு, மிளகாய், மிளகு, சீரகம் ஆகியவற்றைத் தனித்தனியாகவே வறுக்க வேண்டும், ஏனெனில் பருப்பு சிவக்கும் நேரத்தில் சீரகம் கருகிவிடும். கல் உப்பையும் வெறும் வாணலியில் வறுத்துச் சேருங்கள். அரைத்தவுடன் மிக்ஸியின் சூடு பொடியில் இருக்கும். அகலமான தட்டில் பரப்பி முழுதும் ஆறவிட்ட பிறகே பாட்டிலில் அடைக்க வேண்டும், இல்லையென்றால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்தத் துளிகள் பொடியைக் கட்டிதட்டச் செய்யும். பூண்டின் ஈரம் முழுவதும் போகுமாறு வறுப்பது கடினம் என்பதாலும், அரைத்த எள்ளில் காறல் வாடை சீக்கிரம் ஏறும் என்பதாலும், பரிசுக்கான பொடியில் இரண்டையும் தவிர்க்கலாம்.

பூண்டுத் தொக்கு கொடுக்கும் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள். புளிப்பு போதாத தொக்கில் காற்றுப் படாத எண்ணெய்க்கு அடியில் போட்டுலினம் என்னும் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர இடமுண்டு; வாடையோ நிறமோ அதைக் காட்டிக்கொடுக்காது.

லேகியத்தில் கவனம் அதிகம் வேண்டும். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், தனியா, சீரகம் ஆகியவற்றை ஊறவைத்து அரைத்துக் கிளறுவது பல வீடுகளில் உள்ள முறை. வீட்டுக்கு அது சரி. பரிசுக்கு, இவற்றை இளஞ்சூட்டில் வறுத்துப் பொடித்துச் சலித்து, பொடியின் எடையைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிய பாகில் தூவிக் கிளறுவதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் நீர் குறைவாகச் சேர்வதால் அது கூடுதல் நாள் தாங்கும். நெய்யும் நல்லெண்ணெயும் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறும்போது முதலில் லேகியம் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஒரு கட்டத்தில் உறிஞ்ச மறுத்து ஓரங்களில் நெய்யைக் கக்கும், கரண்டியோடு சுருண்டு வரும், தொட்டால் விரலில் ஒட்டாது. அதுவே இறக்கும் பதம். தேனை ஆறிய பிறகு சேருங்கள்.

தேன் சேர்த்த லேகியத்தை ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு நாக்கில் தடவக்கூடக் கூடாது என்பதைச் சீட்டில் எழுதி ஒட்டுவது அவசியம். அதிமதுரம் சேர்த்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்; அது இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியது, கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதன்று. செய்த தேதி, நிலக்கடலை, முந்திரி, எள் போன்ற ஒவ்வாமை தரும் பொருள்கள், ஈரக் கரண்டி போட வேண்டாம் என்ற குறிப்பு ஆகியவையும் சீட்டில் இருக்கட்டும். சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்பதைக் கடைகள் காட்ட வேண்டும் என்ற விதி 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டுப் பண்டத்துக்கும் அந்த ஒழுங்கு நல்லதுதான்.

முறுக்கு இல்லாமல் மனம் ஆறாது என்றால், உள்ளூர் வீடுகளுக்கு மட்டும் இரண்டு மூன்று நாள் முன்பு சுடுங்கள். எண்ணெயில் எழும் குமிழிகள் மாவிலிருந்து வெளியேறும் நீராவிதான். ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து எடுக்காமல், சலசலப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து எடுத்தால்தான் நமத்துப்போகாது. முந்தைய முறை சுட்டுவைத்த எண்ணெயைக் கலக்க வேண்டாம். எண்ணெய் வடியவும் பொட்டலம் கட்டவும் செய்தித்தாளைப் பயன்படுத்தாதீர்கள், அச்சு மையில் காரீயம் முதலியவை இருக்கலாம். வெளியூருக்குத் தேன்குழல் போனால் மாவாகத்தான் போய்ச் சேரும். நொறுங்கினாலும் பாதகமில்லாத மிக்சரோ காராபூந்தியோ அனுப்பலாம்.

பாட்டில்களைக் கழுவிய அன்றே நிரப்பாதீர்கள். மழை நாளில் வெயிலை நம்ப முடியாது, மின்விசிறிக்கடியில் ஓர் இரவு முழுக்கக் காயட்டும். பொடியைப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பும், அதற்கடுத்த விடுமுறை நாளில் லேகியத்தையும் செய்துவிடலாம். கூரியரில் போகும் லேகியத்துக்குக் கண்ணாடியைவிட அகன்ற வாயுள்ள உணவுத்தர பிளாஸ்டிக் டப்பா பாதுகாப்பானது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தனி உறையிலிட்டு, பெட்டிக்குள் அசையாதபடி துணியாலோ காகிதச் சுருளாலோ இடைவெளியை நிரப்புங்கள். பண்டிகை வாரத்தில் கூரியர் நிலையங்களில் பொட்டலங்கள் தேங்கும் என்பதால் வெளியூர்ப் பெட்டிகளை ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு உண்ண வேண்டிய லேகியம் மறுநாள் போய்ச் சேர்ந்து பயனில்லை.