எச்ஓ (அசலில் 87இல் ஒரு பங்கு அளவு) மாடல் சரக்கு ரயில் பெட்டிகள் வளைவில் தடம்புரளாமல் இருக்க எவ்வளவு எடை சேர்க்கலாம்? எதை வைத்துச் சேர்க்கலாம்?

பிளாஸ்டிக் பெட்டிகள் ரொம்ப லேசாக இருக்கின்றன, ரேக் (பெட்டி வரிசை) நீளமானால் நடுப்பெட்டிகள் வளைவின் உள்பக்கம் கவிழ்கின்றன என்கிறீர்கள். எடை சேர்த்தால் நிற்கும். ஆனால் நாலு பெட்டிக்கு மட்டும் சேர்த்துவிட்டு மற்றதை அப்படியே விட்டால் நிலைமை மோசமாகும். முன்னால் எஞ்சின் இழுக்கிறது, பின்னால் கனமான பெட்டிகள் பிடித்து நிறுத்துகின்றன. இடையில் லேசான பெட்டி இருந்தால் அதுதான் முதலில் உள்பக்கம் சாயும். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு வேண்டும்.

அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் எச்ஓவுக்குச் சொல்லும் கணக்கு: பெட்டிக்கு 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். நம் அளவில் சொன்னால் 28 கிராம், அதற்கு மேல் சென்டிமீட்டருக்கு 5.6 கிராம். காரைக்கால் துறைமுகத்திலிருந்து நிலக்கரியோடு திருவாரூர் பக்கம் வருகிறதே பாக்ஸ்என் என்ற திறந்த வேகன், அதன் உடல் எச்ஓவில் சுமார் 11.2 செ.மீ. அப்படியானால் 91 கிராம். நீடாமங்கலத்தில் நெல் மூட்டை ஏறும் பிசிஎன் மாதிரி மூடிய பெட்டி 16.7 செ.மீ. வரும்; அதற்கு 121 கிராம். சக்கரம், பெட்டிகளை இணைக்கும் கப்ளர் எல்லாம் சேர்த்த மொத்த எடை இது. சமையலறை டிஜிட்டல் தராசு போதும்.

எதை வைப்பது? பலரும் தூண்டில் ஈயக்குண்டைச் சொல்வார்கள். நாகப்பட்டினத்தில் சுலபமாகக் கிடைக்கும், கனமும் அதிகம். எனக்கு அது பிடிப்பதில்லை. தொட்டால் கையைக் கழுவியே ஆக வேண்டும், குழந்தைகள் உள்ள வீட்டில் கூடவே கூடாது. வெள்ளைப் பசையில் ஒட்டினால் நாளடைவில் ஈயம் வெண்ணிறமாகப் பூத்து, பருத்து, பெட்டியின் பக்கச்சுவரையே பிளந்துவிடும். இரும்பு நட்டு மலிவுதான். ஆனால் தண்டவாளத்துக்கு இடையில் காந்தம் வைத்துக் கப்ளர் கழற்றுகிறவர்களுக்கு அது தொல்லை.

நான் கும்பகோணம். நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறையில் அறுத்துப்போட்ட பித்தளைத் துண்டுகளை எடைக்கு வாங்கிக்கொள்கிறேன். காந்தம் இழுக்காது, துருவும் பிடிக்காது, ஈயத்தின் கனத்தில் முக்கால் பங்கு இருக்கும். அரத்தால் ராவித் தட்டையாக்கி எபாக்ஸியில் ஒட்டினால் போதும். இரட்டைப் பக்க டேப் வேண்டாம், சித்திரை வெயிலில் இளகிவிடும்.

எடை பெட்டியின் தரையை ஒட்டி, இரண்டு போகிகளுக்கும் (பெட்டிக்கு அடியில் திரும்பும் சக்கரச் சட்டங்கள்) நேர் மேலே, இடம் வலம் சமமாக உட்கார வேண்டும். திறந்த பாக்ஸ்என்னில் இதை மறைக்க அழகான வழி இருக்கிறது. பித்தளைக்கு மேல் தெர்மாகோலைக் குவியலாகச் சீவி வைத்து, தண்ணீரில் கரைக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்து, அது காய்வதற்குள் உமிக்கரியைத் தூவுங்கள். காய்ந்ததும் தண்ணீர் கலந்த பசையைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நம் ஊர் அரிசி ஆலையில் கிடைக்கும் உமிக்கரி அந்த அளவில் அசல் நிலக்கரி போலவே தெரியும். இறகு மாதிரி லேசு என்பதால் மேல்பாரமும் ஏறாது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும்!

எடை ஏற்றியும் ஒரு பெட்டி மட்டும் விழுந்தால் போகி திருகுகளைப் பாருங்கள். ஒரு போகி பக்கவாட்டில் ஆடாமல் திரும்ப மட்டும் வேண்டும். மற்றது கொஞ்சம் தளர்வாக ஆடலாம். இரண்டும் இறுகியிருந்தால் தண்டவாளத்தின் சின்ன மேடு பள்ளத்திலேயே சக்கரம் ஏறிவிடும். பிளாஸ்டிக் சக்கரத்துக்குப் பதில் உலோகச் சக்கரம் மாட்டினால் எடை தானாகவே சில கிராம் கூடும், அதுவும் மிகக் கீழே.

கணக்குக்கு மேல் ஏற்றாதீர்கள். உங்கள் லேஅவுட்டில் 50க்கு 1 ஏற்றம் இருந்தால், கூடுதல் பாரத்தின் விளைவு அங்கேதான் தெரியும்: சமதளத்தில் சுலபமாக இழுத்த எஞ்சின் சக்கரம் வழுக்கி நின்றுவிடும்.