பணம் கொடுக்க முன் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள்

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. அதன்பிறகு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு ஏற்ற லேப்டொப் எது என்று கேட்டு எழுதுபவர்கள் கூடியிருக்கிறார்கள். சிலருடைய கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

மகன் உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கிறான். லினக்ஸ் பழகினால் நல்லது என்று ஆசிரியர் சொன்னாராம். கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் விசாரித்தேன். "எந்த லேப்டொப்பிலும் லினக்ஸ் ஓடும் அம்மா" என்கிறார்கள். நம்பலாமா? (வெள்ளவத்தை)

ஓடும் என்பது சரிதான், அம்மா. ஆனால் திரையில் படம் வந்துவிட்டால் ஓடுகிறது என்று ஆகிவிடாது. வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா? மகனுக்குத் தினமும் தேவைப்படுவது இவைதான்.

முதலில் வைஃபை சிப் எது என்று கேளுங்கள். இன்டெல் என்றால் நிம்மதி. அதற்கான டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ரியல்டெக், மீடியாடெக் சிப்களில் பல இன்றைய கெர்னல்களில் ஒழுங்காக வேலை செய்கின்றன, ஆனால் பழைய லினக்ஸ் பதிப்பைப் போட்டால் பிடிக்காமல் போகலாம். புரோட்கொம் சிப் சிலவற்றுக்கு டிரைவரைத் தனியாக இறக்க வேண்டும். இறக்குவதற்கு இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும்! அப்படி மாட்டிக்கொண்டால் கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் இணையத்தைப் பயன்படுத்தலாம்.

இவ்வளவையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை எழுதிக் கடைக்கே எடுத்துப் போங்கள். லேப்டொப்பை இயக்கும்போது பலவற்றில் எஃப்12 விசையை அழுத்தினால் (எச்பியில் எஃப்9) எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும். பென் டிரைவைத் தெரிவு செய்தால் எதையும் நிறுவாமலே லினக்ஸ் திறக்கும். உங்கள் கைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் இணையுங்கள். ஒரு பாட்டுப் போடுங்கள். கமெராவைத் திறவுங்கள், வெளிச்சத்தைக் கூட்டிக் குறையுங்கள், மூடியை மூடித் திறவுங்கள். பத்து நிமிடம் போதும்.

பெட்டியைப் பிரிக்க முடியாது என்றால் காட்சிக்கு வைத்திருக்கும் அதே மொடலில் பார்க்கக் கேளுங்கள். ஒரே மொடல் பெயரில் வெவ்வேறு வைஃபை சிப் வருவதுண்டு. ஆகவே வாங்கும் இயந்திரத்தை அங்கேயே திறந்து ஒருமுறை பார்ப்பதுதான் நல்லது. அதற்கும் சம்மதிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள், அந்தக் கட்டடத்தில் கடைகளுக்கா பஞ்சம்? நான் ஒருமுறை இப்படிப் பார்க்காமல் வாங்கி, ஸ்பீக்கரில் சத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் ஹெட்போனோடு இருந்தேன். விற்றவர்களிடம் கொண்டுபோனபோது, விண்டோஸில் வேலை செய்கிறது, இதில் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் மகனுக்கு அது நேரக்கூடாது.

பைதன் நிரல்மொழி பழக 8 ஜிபி ரேம் போதும். ஆனால் பிறகு கூட்ட முடியுமா, போர்டோடு ஒட்டியதா என்று கேட்டு வாங்குங்கள்.

புதிது வாங்கப் பணம் போதாது. பாவித்தது வாங்கலாமா? (தெஹிவளை)

தாராளமாக. மலிவான புதிய லேப்டொப்பை விட, அலுவலகங்களுக்காகச் செய்யப்பட்ட பழைய லெனோவோ தின்க்பேட், டெல் லாட்டிடியூட், எச்பி எலீட்புக் வகைகளையே நான் சொல்வேன். லினக்ஸில் இவற்றைப் பாவிப்பவர்கள் அதிகம், அதனால் குறைகள் முன்பே தெரிந்து திருத்தப்பட்டிருக்கும். இவற்றில் பலவற்றுக்கு பயோஸ் (இயந்திரத்தைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பைக்கூட லினக்ஸிலிருந்தே செய்யலாம்.

2018இல் வந்த தின்க்பேட் டி480 எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே ஒரு பற்றரி, வெளியே கழற்றக்கூடிய இன்னொரு பற்றரி. இயங்கிக்கொண்டிருக்கும்போதே வெளிப்பற்றரியை மாற்றலாம். 2022இன் மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ரேமுக்கு இரண்டு இடம் உண்டு. அடுத்து வந்த டி490இல் ஒரு பங்கு ரேம் போர்டோடு ஒட்டியது.

பார்க்க வேண்டியவை சில. பயோஸுக்குள் போய்ப் பாருங்கள். பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் கேட்டால் வேண்டவே வேண்டாம். லினக்ஸில் பற்றரி விவரத்தைத் திறந்தால் புதிதாக இருந்தபோது கொள்ளளவு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று காட்டும். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் புதுப் பற்றரியின் விலையையும் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசுங்கள். பிறகு யுஎஸ்பி துளைகளையும் அடிப்பக்கத் திருகாணிகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். கொழும்பில் காலி வீதிக்குக் கடற்பக்கமாக வருடக்கணக்கில் இருந்த இயந்திரத்தில் உப்புக் காற்று துருவாகத் தெரியும்.

என்விடியா கிராபிக்ஸ் உள்ளது வாங்கலாமா? (கொட்டாஞ்சேனை)

விளையாட்டு, முப்பரிமாண வேலை இருந்தால் வாங்குங்கள். மின்ட்டின் டிரைவர் மேலாளரில் என்விடியாவின் சொந்த டிரைவரைப் போட்டால் வேலை செய்யும். அந்த வேலைகள் இல்லையென்றால் ஏஎம்டி அல்லது இன்டெல்லோடு வரும் கிராபிக்ஸே போதும். தனி டிரைவர் வேண்டாம், பற்றரியும் கூட நேரம் நிற்கும்.

மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். இருபது வருட வேலை பாமினியில் கிடக்கிறது. லினக்ஸுக்கு மாறினால் எல்லாம் போய்விடுமா? (வத்தளை)

ஒன்றும் போகாது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் உங்கள் கோப்பு ஆங்கிலக் குவியலாகத் தெரியும், அதனால்தான் பலரும் அழிந்துவிட்டது என்று பயப்படுகிறார்கள். பழைய கணினியிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்து லினக்ஸில் நிறுவுங்கள். லிப்ரே ஒஃபிஸில் திறந்தால் தமிழாகவே தெரியும்.

ஆனால் இனி எழுதுவதை, எந்தக் கணினியிலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடில் எழுதுங்கள், தயவுசெய்து. பாமினியில் எழுதியதைத் தமிழில் தேட முடியாது, மின்னஞ்சலில் ஒட்டினால் சிதறும். பழையவற்றையும் மாற்றிகளின் உதவியோடு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வையுங்கள். லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பைப் போட்டால் தமிழ்99 விசைப்பலகையும் வரும், இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையும் வரும். ரெங்கநாதன் பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஒட்டியது. பாமினிக்குப் பழகிய விரல்களுக்கு அதிகம் அந்நியமாக இராது.

நாள் முழுக்கத் தட்டும் உங்களுக்கு லேப்டொப்பில் முதலில் பார்க்க வேண்டியது விசைப்பலகைதான். கடையில் நின்றபடியே ஒரு பந்தி தட்டிப் பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த லேப்டொப் என்றால் இடைவெளி விசை சிறியதாக இருக்கும், கவனம்.

புது லேப்டொப்பில் நிறுவப் போனால் டிஸ்க்கே இல்லை என்கிறது. (பம்பலப்பிட்டி)

டிஸ்க் இருக்கிறது. பெரும்பாலும் பயோஸில் சேமிப்பு முறை ரெய்ட் அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று இருக்கும், அதை ஏஎச்சிஐக்கு மாற்றினால் தெரியும். ஒன்று மட்டும்: விண்டோஸும் வேண்டுமென்றால் உடனே மாற்றாதீர்கள், அது தொடங்காமல் நின்றுவிடலாம். பிட்லொக்கர் (விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டும் வசதி) மீட்புச் சாவியைக் கடதாசியில் எழுதி வைத்து, விண்டோஸைச் சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்த பிறகு மாற்றுங்கள்.

மக்புக்கில் லினக்ஸ்? (கொள்ளுப்பிட்டி)

கையில் எம்1 அல்லது எம்2 சிப் உள்ள மக்புக் இருந்தால், அவற்றுக்கென்றே செய்யப்பட்ட அசாஹி லினக்ஸைப் போட்டுப் பார்க்கலாம். லினக்ஸுக்காகவே அவ்வளவு பணம் கொடுத்து வாங்க வேண்டாம்.