கை தவறிய சீட்டுக்கு என்ன தீர்ப்பு? பிரிட்ஜ் விதிகள் கேள்வி பதில்

பிரிட்ஜ், நால்வர் இரண்டு ஜோடிகளாக ஆடும் சீட்டாட்டம். கோலாலம்பூர், பினாங்கு ஆட்டக்காரர்களின் கேள்விகளுக்கு உலக பிரிட்ஜ் கூட்டமைப்பின் 2017 விதிகளின்படி பதில்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: அண்ணே, டம்மியில் (மேசையில் விரித்து வைத்த என் பார்ட்னரின் கையில்) ஸ்பேட் ஏஸும் ராணியும். நான் கையிலிருந்து சின்ன ஸ்பேட் போட்டேன். இடப்பக்கத்தார் ராஜாவையே இறக்கிவிட்டார். கவனிக்காமல் “ராணி” என்றேன், உடனே “ஏஸ்” என்று திருத்தினேன். டைரக்டர் (போட்டி நடுவர்) விடவில்லை. சரியா?

சரிதான் தம்பி. 45-ஆம் விதி வாய் தவறியதை மன்னிக்கும், கவனம் தவறியதை மன்னிக்காது. ஃபினெஸ் எடுக்கும் (ராஜா இடப்பக்கம் இருக்கும் என்று நம்பி ராணியாலேயே ஜெயிக்கப் பார்க்கும்) நினைப்பிலேயே இருந்தீர்கள், அதனால் அந்த நொடியில் நீங்கள் கேட்க நினைத்தது ராணியைத்தான். எவ்வளவு வேகமாகத் திருத்தினாலும் ராணி ஆடியாகிவிட்டது. ஏஸைக் கேட்க நினைத்து, நாக்கு புரண்டு ராணி என்று வந்திருந்தால் கதை வேறு. அப்போது உங்கள் கையிலிருந்தோ டம்மியிலிருந்தோ அடுத்த சீட்டு போடும்வரை மாற்றலாம். இடையில் எதிராளி சீட்டு போட்டிருந்தால், அவரும் அதை எடுத்துக்கொண்டு வேறு போடலாம். ராணியைக் கேட்க உங்களுக்கு ஏதாவது காரணம் இருந்திருக்குமா என்றுதான் டைரக்டர் முதலில் யோசிப்பார். இங்கே இருந்தது.

இன்னொன்று: வெறுமனே “ஸ்பேட்” என்றால் டம்மியின் மிகச் சிறிய ஸ்பேட் என்று பொருள். சீட்டின் பெயரை முழுதாகச் சொல்லிப் பழகுங்கள்.

செந்தூல்: டிஃபென்ஸில் (தன் கையையும் டம்மியையும் ஆடும் டிக்ளேரருக்கு எதிர் ஜோடியில்) இருக்கும்போது கிளப் 7 கை நழுவி மேசையில் விழுந்தது. அதையே போட வேண்டுமா?

நழுவியது ஆடியதாகாது. நீங்களே உருவி, பார்ட்னர் பார்க்கும்படி பிடித்திருந்தால்தான் ஆடிய சீட்டு. ஆனால் டைரக்டரைக் கூப்பிட்டே ஆக வேண்டும், மேசையில் நாமே பேசி முடிக்கக்கூடாது. அந்த 7 சிறிய பெனால்டி கார்டு (தண்டனைச் சீட்டு). முகம் தெரிய மேசையிலேயே கிடக்கும். அடுத்து 10-க்குக் குறைந்த கிளப் போடுவதானால் அதைத்தான் போட வேண்டும். 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளப் இருந்தால் அதைப் போடலாம். பார்ட்னரின் லீடுக்கு (சுற்றின் முதல் சீட்டுக்கு) தடை இல்லை.

விழுந்தது 10, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் ஆகியவற்றில் ஒன்றென்றால் பெரிய பெனால்டி கார்டு. முறை தவறி வேண்டுமென்றே ஆடிய சீட்டு வெறும் 2 ஆனாலும் இதே கதிதான். விதிப்படி போட முடிகிற முதல் வாய்ப்பிலேயே அதைப் போட வேண்டும். அது மேசையில் கிடக்கும்போது பார்ட்னருக்கு லீட் வந்தால், டிக்ளேரர் அந்தச் சூட்டை (ஸ்பேட், கிளப் போன்ற சீட்டு இனத்தை) கேட்கலாம், அல்லது லீட் அவரிடம் இருக்கும்வரை அந்தச் சூட்டைத் தடுக்கலாம். இரண்டில் எதைச் செய்தாலும் சீட்டு உங்கள் கைக்குத் திரும்பும். ஒன்றுமே சொல்லாமல் விட்டால் சீட்டு அங்கேயே இருக்கும். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்: டிக்ளேரர் வாய் திறக்குமுன் பார்ட்னர் அவசரமாக லீட் போட்டுவிடுகிறார்.

செந்தூல், மீண்டும்: டிக்ளேரர் கை நழுவினால்?

தண்டனை இல்லை, எடுத்துக்கொள்வார். அவர் சீட்டைப் பார்த்து ஆதாயம் அடைய எதிரில் இருப்பது டம்மிதானே! ஆனால் முகம் தெரிய மேசையைத் தொட்டோ, தொடுமளவுக்கோ அவரே பிடித்தால் அது ஆடிய சீட்டு.

ஜெலுத்தோங், பினாங்கு: நம் ஊர்ப் புழுக்கத்தில் சீட்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. டிஃபெண்டர் ஒன்று போட, இரண்டு விழுந்தால்?

இரண்டும் தெரிந்தால், எதை ஆட நினைத்தேன் என்று அவர் சொல்ல வேண்டும். மற்றது பெனால்டி கார்டு. ஒன்றின் முகம் மட்டுமே தெரிந்தால் அதுவே ஆடியது. கசகசக்கும் சீட்டுக்கட்டை மாற்றச் சொல்லி ஆட்டம் தொடங்குமுன்பே கேளுங்கள்.

பட்டர்வொர்த்: என் முறை இல்லாதபோது ஆரம்ப லீட் (ஆட்டத்தின் முதல் சீட்டு) போட்டுவிட்டேன். என்ன ஆகும்?

முகம் கவிழ்த்து வைத்திருந்தால், டைரக்டர் சொன்னதும் எந்தச் சேதமும் இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். முகம் தெரிந்துவிட்டால் டிக்ளேரருக்கு 5 வழிகள். தன் கையை விரித்துத் தானே டம்மியாகலாம். லீடை ஏற்று, டம்மியை விரிக்கச் செய்து, தன் கையிலிருந்து 2-ஆவது சீட்டைப் போடலாம். ஏற்க மறுத்தால் அது பெரிய பெனால்டி கார்டு. பிறகு மேலே சொன்ன அதே மூன்று வழிகள். எப்போதும் கவிழ்த்து வையுங்கள், பார்ட்னர் “சரி” என்ற பிறகே திருப்புங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: டம்மியாக இருக்கும்போது எதிராளி சீட்டு நழுவியதைப் பார்த்தால் சொல்லலாமா அண்ணே?

கூடாது. வேறு யாராவது எடுத்துச் சொல்லும்வரை, அல்லது அந்தக் கையின் ஆட்டம் முடியும்வரை பொறுக்க வேண்டும். டிக்ளேரர் தவறு செய்யப் போகிறார் என்றால் முன்கூட்டியே தடுக்கலாம், உதாரணமாக “லீட் உங்கள் கையில்” என்று சொல்லலாம்.