வாசகர் கேள்வி பதில்: கடலைப் பாத்தா கடவுள் தெரிவாரா?

கிறிஸ்துமஸ் இதழ்னு போன தடவ அறிவிச்சதுதான் தாமதம், தபால்லயும் வாட்ஸ்அப்லயும் வந்த கேள்வில முக்கால்வாசி கிறிஸ்தவம் பத்தியே இருக்கு. சிலது ஒரே மாதிரி இருந்துச்சு, அதெல்லாம் சேத்து ஒரே பதிலா குடுத்திருக்கேன்.

கேள்வி: சார், நான் கடலூர்ல காலேஜ் படிக்கறேன், ஊரு தேவனாம்பட்டினம். கூட படிக்கற கிறிஸ்டியன் ஃப்ரெண்ட் ஒருத்தன் "கடவுள் எப்படிப்பட்டவருன்னு தெரியணுமா, இந்தக் கடலைப் பாரு, வானத்தைப் பாரு"ன்னு சொல்லிட்டே இருப்பான். எங்க வீட்ல சுனாமில ரெண்டு பேர் போயிட்டாங்க. அப்போ அந்தக் கடல் காட்டுன கடவுள் எப்படிப்பட்டவரு? கோவத்துல கேக்கல, நெஜமாவே கேக்கறேன்.

பதில்: கோவமாவே கேட்டிருந்தாலும் தப்பில்ல தம்பி, பைபிள்ல புள்ளைங்களயும் சொத்தையும் பறிகொடுத்த யோபு இதவிட கோவமா கேட்டிருக்காரு. உன் ஃப்ரெண்ட் சொல்றது பாதி சரி. பைபிள்ல இருக்கற பாட்டுத் தொகுப்பான சங்கீதத்துல 19ம் பாட்டு ஆரம்பமே வானம் கடவுளோட மகிமைய சொல்லுதுன்னுதான், ஏசுவோட அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதுன கடிதத்துல முதல் அதிகாரத்துலயும் படைப்பைப் பாத்து கடவுளப் பத்தி தெரிஞ்சுக்கலாம்னு வருது. ஆனா என்ன தெரியும்னு பவுல் சொல்றாருன்னு கொஞ்சம் உத்துப் பாரு, அவரோட நித்திய வல்லமை, அவர் தெய்வம்ங்கறது, அவ்ளோதான். இரக்கம், மன்னிப்பு, அன்பு இதெல்லாம் அந்த எடத்துல இல்லவே இல்ல. இத நெறைய பேரு கவனிக்காம தாண்டிப் போயிடறாங்க, மேடையில நின்னு பிரசங்கம் பண்றவங்களும்தான்.

பாண்டி ஒயிட் டவுன்ல நடந்து போறப்போ பெரிய மதில் சுவர், மஞ்சள் பெயிண்ட், மேல காகிதப்பூ கொத்துக் கொத்தா தொங்கும், உள்ள இருக்கறவரு வசதியானவரு, ரசனை உள்ளவருன்னு புரிஞ்சுரும். ஆனா பசின்னு வந்தவனுக்கு சோறு போடறவரா இல்ல நாயை அவுத்து விடறவரான்னு மதிலப் பாத்து சொல்ல முடியுமா, அவரே கதவத் தெறந்து வெளிய வந்து பேசுனாத்தான் உண்டு. கிறிஸ்தவங்க ‘வெளிப்பாடு’ன்னு முக்கியமா சொல்றது இந்தக் கதவு தெறக்கறதத்தான். ஆபிரகாம்கிட்ட பேசுனது, மோசேகிட்ட தன்னை "இரக்கமும் கிருபையும் உள்ளவன்"னு அறிவிச்சது, தீர்க்கதரிசிங்க, அதாவது கடவுளோட செய்திய எடுத்துச் சொல்றவங்க மூலமா சொன்னது, கடைசியா ஏசுவா வந்ததுன்னு பைபிள்ல எபிரெயர்ங்கற நிருபத்தோட (கடிதத்தோட) முதல் ரெண்டு வசனத்துல இந்த மொத்தக் கதையும் அடங்கிருச்சு.

சரி, சுனாமிக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். உங்க மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போனாங்க, வேளாங்கண்ணில பண்டிகைக்கு வந்த யாத்திரிகர்களையும் அலை விடல. அப்போ "இது கடவுளோட தண்டனை"ன்னு சொன்னவங்களும் இருந்தாங்க, அதக் கேட்டா எனக்கு இன்னைக்கும் எரிச்சல்தான் வரும், ஏன்னா ஏசு அதுக்கு நேரடியா பதில் சொல்லிட்டாரு. எருசலேம்ல சிலோவாம்ங்கற எடத்துல கோபுரம் விழுந்து 18 பேர் செத்தப்போ, அவங்க மத்தவங்கள விட பெரிய பாவிங்கன்னு நெனைக்கறீங்களா, இல்லன்னு சொல்றேன்னாரு, லூக்கா 13ல இருக்கு. எலியாங்கற தீர்க்கதரிசி கதையிலயும் பெரிய காத்து அடிக்குது, பூமி அதிருது, தீ எரியுது, அதுல எதுலயும் கர்த்தர் இல்ல, அப்பறமா வந்த மெல்லிசான சத்தத்துலதான் எலியா முகத்த மூடிக்கிட்டு வெளிய வந்தாரு.

சபையில சீர்திருத்தத்த ஆரம்பிச்சு வச்ச ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் 1518ல ஹைடல்பர்க் ஊர்ல ஒரு விவாதத்துல கிட்டத்தட்ட உன் கேள்வியத்தான் தொட்டாரு. படைப்போட பிரமாண்டத்தப் பாத்து கடவுள் இப்படித்தான்னு முடிவு கட்டறவன் வேதசாஸ்திரின்னு (கடவுளப் பத்தி ஆராயறவன்னு) சொல்லிக்கவே லாயக்கில்ல, சிலுவையிலயும் துன்பத்துலயும் கடவுளப் பாக்கறவன்தான் வேதசாஸ்திரின்னாரு. அதாவது கிறிஸ்தவன்கிட்ட "உன் கடவுள் எப்படிப்பட்டவரு"ன்னு கேட்டா அவன் கடலக் காட்டக் கூடாது, ஆணி அடிச்சு தொங்குனவரக் காட்டணும், அலையோட பக்கம் இல்ல, அலை அடிச்சுட்டுப் போனவங்க பக்கம் நிக்கறவருன்னு சொல்லணும். சுனாமி ஏன் வந்துச்சுங்கறதுக்கு இது விளக்கம் ஆகுமான்னா ஆகாது, அதுக்கு காரணம் சுமத்ரா பக்கம் கடலுக்கடியில வந்த நிலநடுக்கம். உன் ஃப்ரெண்ட்ட ரொம்ப திட்டாத, அவன் ஆரம்பத்துல நின்னுட்டான், அவ்ளோதான்.

கேள்வி: பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு மூணு சொல்லிட்டு கடவுள் ஒருத்தர்தான்னும் சொல்றாங்களே, கணக்கு ஒதைக்குதே? (வாசகர், முத்தியால்பேட்டை)

பதில்: கணக்கா பாத்தா ஒதைக்கத்தான் செய்யும். இது எங்கருந்து வந்துச்சுன்னு பாத்தா கொஞ்சம் பிடிபடும். அலெக்சாந்திரியாவுல ஆரியஸ்னு ஒரு குருவானவர், ஏசு ரொம்ப ஒசந்தவருதான் ஆனா அவரும் கடவுள் படைச்சவருதான்னு சொன்னாரு. கேக்க எளிமையா இருக்கு, கூட்டமும் சேந்துச்சு. இதுக்கு எதிரா பல வருஷம் மல்லுக்கட்டுனவரு அதே ஊர் ஆயர் அத்தனாசியுஸ், பல தடவ நாடு கடத்தப்பட்டாரு. அத்தனாசியுஸ் தரப்பு பயம் என்னன்னா, ஏசு வெறும் படைப்புன்னா அவர்கிட்ட நாம பாக்கற அன்பு கடவுளோட அன்பான்னு எப்படித் தெரியும், கடவுள் அனுப்புன ஆள் நல்லவரு, அனுப்புனவரு எப்படியோ யாருக்குத் தெரியும்னு ஆயிடும்ல. "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்"னு ஏசு பிலிப்புகிட்ட சொன்னது நெஜமா இருக்கணும்னா காட்டறவரும் காட்டப்படறவரும் ஒரே தன்மையா இருக்கணும். 325ல நிசேயா சங்கம், அதாவது அங்க கூடுன ஆயர்கள் கூட்டம், அதத்தான் உறுதி பண்ணுச்சு, 381ல கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் ஆவியானவரப் பத்தி சொன்னதையும் சேத்துச்சு. இப்படி வந்த விசுவாச அறிக்கைய இன்னைக்கும் ஞாயிறு ஆராதனைல சொல்றாங்க. 2025ல நிசேயா சங்கத்துக்கு 1700 வருஷம் ஆச்சு. அதுக்காக மூணும் ஒண்ணும் எப்படின்னு முழுசா புரிஞ்சுருச்சுன்னு யாரும் சொல்லல, புரிஞ்சுருச்சுன்னு யாராவது சொன்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்க.

கேள்வி: கடவுளை யாரும் பாத்ததில்லன்னு பைபிளே சொல்லுதாம், அப்பறம் எங்க வில்லியனூர் மாதா கோவில்ல ஏன் இவ்ளோ சுரூபம் (சிலை)? பக்கத்து வீட்டு பெந்தெகொஸ்தே அக்கா கேக்கறாங்க, எனக்கு பதில் தெரியல. (வாசகி, வில்லியனூர்)

பதில்: அக்காகிட்ட சொல்லுங்கம்மா, இந்தச் சண்ட 8ம் நூற்றாண்டுலயே நடந்து முடிஞ்சு போச்சுன்னு. தமஸ்கு ஊர் யோவான்னு ஒரு துறவி, கண்ணுக்குத் தெரியாத கடவுள வரைய முடியாதுதான், ஆனா அவரே மனுஷனா வந்து கண்ணுக்குத் தெரிஞ்சதுக்கு அப்பறம் அந்தத் தெரிஞ்சத வரையலாம்னு சொன்னாரு, 787ல ரெண்டாம் நிசேயா சங்கம் ஏத்துக்கிச்சு, மரியாதை உண்டு, ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான்னு கோடும் போட்டுச்சு. முடிஞ்சு போச்சுன்னு சொன்னேனே, 16ம் நூற்றாண்டுல சீர்திருத்தம் வந்தப்போ மறுபடி ஆரம்பிச்சுருச்சு, அதனாலதான் அந்தச் சீர்திருத்த வழியில வந்த சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சர்ச்சுல பெரும்பாலும் வெறும் சிலுவை மட்டும் பாப்பீங்க. அக்கா ஒத்துக்க மாட்டாங்க, பரவால்ல, டீ குடிச்சுட்டு வாங்க.

கேள்வி: நேத்து ராத்திரி கர்த்தர் என்கூட பேசுனாருன்னு ஒருத்தர் வாட்ஸ்அப்ல டெய்லி வாய்ஸ் மெசேஜ் அனுப்பறாரு, நம்பலாமா? (வாசகர், அரியாங்குப்பம்)

பதில்: அக்கவுண்ட் நம்பர் சேத்து அனுப்பறாரான்னு மொதல்ல பாருங்க. கத்தோலிக்க சபை 1965ல ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துல தெளிவா சொல்லிருச்சு, எல்லாருக்குமான வெளிப்பாடு ஏசுகிட்டயே நிறைவாயிருச்சு, இனி புதுசா ஒண்ணு வரப் போறதில்லன்னு. 1858ல லூர்து நகர்ல மாதா காட்சி குடுத்தாங்கன்னு சபையே அங்கீகரிச்சிருக்கு, அதக் கூட நம்பியே ஆகணும்னு கட்டாயம் கெடையாது. பெந்தெகொஸ்தே சபைங்க இன்னைக்கும் தீர்க்கதரிசனம் உண்டுன்னு நம்பறாங்க, ஆனா அவங்களும் வேதத்தோட வச்சு சோதிச்சுப் பாக்கணும்னுதான் சொல்வாங்க. மியூட் பண்ண வசதி இருக்கு.

கேள்வி: நான் கிறிஸ்டியன் இல்ல, சும்மா தெரிஞ்சுக்க பைபிள் படிக்கணும்னா எங்க ஆரம்பிக்கறது? (வாசகி, கடலூர் ஓ.டி.)

பதில்: முதல் பக்கத்துலருந்து ஆரம்பிச்சீங்கன்னா பலி, சடங்குச் சட்டமா இருக்கற லேவியராகமத்துல மாட்டிக்குவீங்க. மாற்கு நற்செய்தி எடுங்க, நாலுலயும் சின்னது, 16 அதிகாரம்தான், ரெண்டு மணி நேரத்துல முடிச்சரலாம். பழைய பதிப்போட தமிழ் கஷ்டமா இருந்தா 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பு வாங்குங்க. படிக்கறப்போ ஒண்ண கவனிங்க, அந்தப் புத்தகத்துல பேய்ங்க எல்லாம் ஏசு யாருன்னு ஆரம்பத்துலயே கத்துதுங்க, ஆனா "இவர் கடவுளோட மகன்"னு வாய்விட்டு சொல்ற முதல் மனுஷன் சீஷன் இல்ல, சிலுவைக்கு எதுக்க நின்ன ரோமன் படை அதிகாரி, அதுவும் 15ம் அதிகாரத்துல, ஏசு உயிர் விட்ட விதத்தப் பாத்துட்டு.