மூன்று முறை படித்தும் நினைவில் நிற்கவில்லையே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 36, இரண்டு பிள்ளைகள். மூன்று வருடமாகக் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். பள்ளிப் பாடப்புத்தகங்களை மூன்று நான்கு தடவை மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுப் படித்துவிட்டேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. தேர்வு அறையில் உட்கார்ந்தால் நான்கு விடையுமே சரி என்று தோன்றுகிறது. வீட்டிலும் கேஸ் லைட்டரை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டே இருக்கிறேன். என் மாமியாருக்கு மறதி நோய். நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரவில் மூன்று நான்கு முறை எழுந்துவிடுவார். எனக்கும் அந்த நோய் ஆரம்பித்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. ஞாபகசக்தி மாத்திரை எடுக்கலாமா?

- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். மறதி நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதில்லை. மாமியாருக்கும் உங்களுக்கும் ரத்த உறவு இல்லையென்றால் பரம்பரை என்ற பேச்சும் இல்லை. 36 வயதில் அது வருவது மிக மிக அபூர்வம். லைட்டர் விஷயத்தை நான் மறதி என்றே சொல்லமாட்டேன். அதைக் கீழே வைத்த நொடியில் உங்கள் காது மாமியாரின் அறைப் பக்கம் இருந்திருக்கும். பதியாத ஒன்றை மூளை எங்கிருந்து எடுத்துத் தரும்?

இப்போது ஒரு சின்னப் பரீட்சை. இளம் ஊதா நிற நூறு ரூபாய் நோட்டு தினமும் உங்கள் கையில் புழங்குகிறது. அதன் பின்பக்கம் என்ன படம்? பர்ஸைத் திறக்காமல் சொல்லுங்கள். என் கிளினிக்கில் கேட்டால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். குஜராத்தில் உள்ள ராணி கி வாவ் என்ற படிக்கிணறு அது. 1979இல் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கர்களிடம் அவர்களுடைய ஒரு சென்ட் நாணயத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்கப் புழங்கிய காசைச் சரியாக வரைய முடியாமல் பெரும்பாலோர் திணறினார்கள். கண்டால் தெரிகிறது, கேட்டால் வரவில்லை. ஆயிரம் முறை கண்ணில் பட்டதை ஒரு முறைகூட மனதிலிருந்து எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் காரணம்.

உங்கள் பாடப்புத்தகத்துக்கும் இதுதான் நடந்திருக்கிறது. நான்காவது தடவை புரட்டும்போது வரிகள் பழகிய முகம் மாதிரி சிரிக்கின்றன. அந்தப் பழக்கத்தை ‘எனக்குத் தெரியும்’ என்று மனது எடுத்துக்கொள்கிறது. மஞ்சள் மார்க்கர் அந்த மயக்கத்தை இன்னும் கூட்டும்.

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரே கட்டுரையை நான்கு சுற்றுப் படித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு சுற்றுப் படித்துவிட்டு, மூன்று சுற்று அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுவுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிய குழுவுக்கு 71. ஒரு வாரம் கழித்து அது அப்படியே தலைகீழானது. படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. ‘நமக்குத்தான் நன்றாக நினைவிருக்கும்’ என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்த குழுவினர்தான். உங்கள் மூன்று வருட உழைப்பும் இந்த நம்பிக்கையில்தான் கரைந்திருக்கிறது. அது உங்கள் தப்பு இல்லை. எப்படிப் படிப்பது என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை.

சரி, என்ன செய்யலாம்? குடவோலை முறை பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். புத்தகத்தை மூடி அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் போதும், நினைவுக்கு வருவதையெல்லாம் பத்து நிமிடம் எழுதுங்கள். எந்த ஊர்க் கல்வெட்டு? உத்திரமேரூர். எந்த அரசர்? பராந்தகர்... முதலாமவரா, இரண்டாமவரா? அங்கே முட்டும். உடனே புத்தகத்துக்கு ஓடாதீர்கள். ஒரு நிமிடம் தவித்துப் பாருங்கள். அந்தத் தவிப்புக்குப் பிறகு பார்க்கும் விடை நன்றாகவே ஒட்டும். விட்டதைச் சிவப்பு மையில் எழுதிச் சேருங்கள். மறுநாள் சாதம் வடியும் நேரத்தில் அதையே மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் மூன்று நாள் விட்டு, அப்புறம் ஒரு வாரம் விட்டு. கொஞ்சம் மறக்க ஆரம்பித்த பிறகு எடுத்துப் பார்ப்பதில்தான் பலன் அதிகம். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து, மறதி முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக நடக்கிறது என்று 1885இலேயே எழுதிவிட்டார். ஒரே ராத்திரியில் ஐந்து மணி நேரம் உட்காருவதைவிட அதை ஐந்து நாளுக்குப் பிரிப்பது நல்லது.

பழைய வினாத்தாளைப் போடும்போது நான்கு விடைகளையும் அட்டையால் மறைத்துவிடுங்கள். கேள்வியைப் படித்து, உங்கள் பதிலைச் சொன்ன பிறகே அட்டையை எடுங்கள். ‘நாலும் சரி மாதிரி’ என்ற குழப்பம் இதில் பெருமளவு குறையும்.

இனி உங்கள் தூக்கம். கடிதத்தில் எனக்குக் கவலை தந்த ஒரே வரி, மாமியார் இரவில் எழுவதைப் பற்றியதுதான். பகலில் படித்தது நிலைபெறத் தூக்கம் வேண்டும். துண்டு துண்டாகத் தூங்குகிறவருக்குக் கவனமும் போகும், பதிவும் போகும். வாரத்தில் மூன்று நான்கு இரவாவது உங்கள் கணவர் அம்மாவைப் பார்த்துக்கொள்ளட்டும். இந்தப் பதிலை அவரிடமே காட்டுங்கள். இதை நான் உதவியாகக் கேட்கவில்லை, உங்களுக்கான சிகிச்சையாகவே எழுதுகிறேன்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் சோர்வுக்கும் கவனக்குறைவுக்கும் அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சளி, அலர்ஜி, தூக்க மாத்திரை எதுவும் எடுத்தால் அதையும் சொல்ல வேண்டும். அவற்றில் சில நினைவை மந்தமாக்கும். எதிலும் பிடிப்பு இல்லாமல், அழுகை வருவதாக இருந்தாலும் மறைக்காதீர்கள். மனச்சோர்விலும் மறதி வரும், அது குணமாகக்கூடியது.

ஞாபகசக்தி மாத்திரைகள் வேண்டாம். ஆரோக்கியமானவருக்கு அவை மதிப்பெண் கூட்டும் என்பதற்கு நம்பும்படியான சான்று இல்லை. வல்லாரைத் துவையல் பிடித்தால் சாதத்தோடு தாராளமாகச் சாப்பிடுங்கள், ருசிக்காக.

பழகிய தெருவில் வழி தவறுவது, ஒரே கேள்வியை அன்றைக்கே பலமுறை கேட்பது, வலிப்பு, விடாத தலைவலி இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

மாமியார் இரவில் ஏன் எழுகிறார் என்பதையும் அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், மூட்டுவலி, பகலில் நெடுநேரம் தூங்குவது என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உண்டு. காலையில் அரை மணி நேரம் அவரை வாசல் வெயிலில் உட்கார வையுங்கள். மாலைக்கு மேல் காபி, டீ கொடுக்காதீர்கள்.