வெளிநாட்டிலிருந்து பணம் வரப்போகிறதா? ஸ்விஃப்ட் கோடு பற்றிக் கேளுங்கள்

மேலூரிலிருந்து ஓர் அம்மா: மகன் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்ப ஸ்விஃப்ட் கோடு கேட்கிறான். பாஸ்புக்கில் ஐஎஃப்எஸ்சி மட்டும்தான் இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா?

அது மட்டும் போதாதும்மா. ஐஎஃப்எஸ்சி நம் நாட்டுக்குள் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்புவதற்கு. வெளிநாட்டு வங்கிக்கு நம் வங்கியை அடையாளம் காட்டுவது ஸ்விஃப்ட் கோடு. பிஐசி என்று கேட்டாலும் இதுதான். ஸ்டேட் வங்கியின் கோடு எஸ்பிஐஎன்-ஐஎன்-பிபி. முதல் நான்கு எழுத்து வங்கி, அடுத்த இரண்டு நாடு, கடைசி இரண்டு இடம். இதோடு 3 எழுத்து சேர்ந்து 11 ஆக இருந்தால் அது கிளையைக் குறிக்கும். கோடு பணத்தை வங்கி வரைதான் கொண்டுவரும். உங்கள் கணக்கில் ஏற, கணக்கு எண்ணும் பெயரும் பாஸ்புக்கில் உள்ளபடியே இருக்க வேண்டும். இனிஷியல் உட்பட.

உசிலம்பட்டி: எங்கள் கிளைக்கு ஸ்விஃப்ட் கோடே இல்லையாம்.

பல கிளைகளுக்கு இருக்காது, பயப்படாதீர்கள். அந்நியச் செலாவணி பார்க்கும் கிளையின் கோடோ, தலைமையகத்தின் கோடோ கொடுப்பார்கள். எது என்று மேலாளரிடம் கேட்டு, எழுதியே வாங்குங்கள். கூகுளில் கண்டதை அனுப்பாதீர்கள்.

கே.கே.நகர்: துபாயில் ஐபான் கேட்கிறார்கள்.

ஐபான் என்பது பல நாடுகளில் வழங்கும் சர்வதேசக் கணக்கு எண். இந்தியாவில் அது கிடையாது தம்பி. அந்த இடத்தில் கணக்கு எண்தான். நீங்கள் துபாய்க்கு அனுப்பும்போது மட்டும் அவர்களுடைய ஐபான் (எழுத்தும் எண்ணுமாக 23) தேவை.

திருமங்கலம்: அனுப்பியதைவிடக் குறைவாக வந்திருக்கிறது. வங்கி ஏமாற்றுகிறதா?

அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டு வங்கிகளுக்கும் நேரடிக் கணக்கு இல்லாவிட்டால், நடுவில் வேறு வங்கி வழியாகப் பணம் வரும். அது தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். அனுப்பும் படிவத்தில் 'அவர்' (OUR) என்று குறித்தால் கட்டணம் அனுப்புபவருடையது, 'ஷா' (SHA) என்றால் இருவருக்கும், 'பென்' (BEN) என்றால் முழுக்க உங்கள் தலையில். முழுத் தொகை வேண்டுமென்றால் முதலிலேயே 'OUR' போடச் சொல்லுங்கள். அப்புறம், டாலரை ரூபாயாக்கிய விலையையும் பாருங்கள். நிறையப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை. பெரிய தொகையில் கட்டணத்தைவிட இதில்தான் அதிகம் போகும்.

சிம்மக்கல்: பழைய சிண்டிகேட் வங்கி பாஸ்புக்கில் உள்ள கோடு செல்லுமா?

செல்லாது. 2020-ல் அது கனரா வங்கியோடு இணைந்தது. பழைய ஐஎஃப்எஸ்சி 2021 ஜூன் 30-ஓடு நின்றுவிட்டது. புதுசு வாங்குங்கள்.

மேலூர் அம்மா மறுபடியும்: கோடு தப்பாகப் போயிருந்தால்?

மகனை உடனே அவருடைய வங்கியிடம் சொல்லச் சொல்லுங்கள். திருத்தம் அங்கிருந்துதான் வர வேண்டும், இங்கே கவுன்டரில் நிற்பதால் நடக்காது. பணம் அனுப்பியதற்கான ஸ்விஃப்ட் செய்தியின் நகலும் (2025 நவம்பர் வரை இது எம்டி103, இப்போது பாக்ஸ்.008) மகனிடம் கேட்டு வாங்குங்கள். பணம் எந்த வங்கிக்குப் போனது என்பது அதில் இருக்கும்.